அந்த எண் மதிப்பெண் அல்ல

(நவம்பர் 14 அன்று ஒரு மேல்நிலைப்பள்ளியில் பெற்றோர், ஆசிரியர் முன்னிலையில் குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தைகள் தினத்தன்று சர்க்கரையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு நோட்டுப்புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

பதினைந்து வயதுப் பையன். ஒன்பது வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவுடன் என்னிடம் வருவான். தினமும் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவைக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை அவன் நீட்டிய நோட்டில் காலை 104, மதியம் 122, இரவு 118. தொண்ணூறு நாளும் ஏறக்குறைய இப்படியே. ஒரே பேனா, ஒரே மை, எழுத்தின் சாய்வுகூட மாறவில்லை. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை 11 சதவீதம் என்று வந்திருந்தது. நோட்டு சரியென்றால் அது 6க்குள் இருந்திருக்க வேண்டும். குளுக்கோமீட்டரை வாங்கி, அதில் பதிவாகியிருந்த பழைய அளவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். 287. 341. 263. பல நாட்களுக்குப் பதிவே இல்லை.

அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். "ஏன் தம்பி இப்படி எழுதினே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "உள்ளதை எழுதினா அப்பா ராத்திரி பூரா கேப்பாரு டாக்டர். என்ன தின்னே, யாரு வாங்கிக் குடுத்தா, எங்க தின்னேன்னு. அம்மாவையும் சேத்துத் திட்டுவாரு."

அந்த அப்பா கெட்டவர் இல்லை. மகன்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் அந்த எண்ணைக் கணக்குப் பாடத்து மதிப்பெண் போலப் படித்தார். 118 என்றால் நல்ல பிள்ளை, 341 என்றால் கெட்ட பிள்ளை. மருத்துவர்களும் இதில் தப்பவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் நானும் பிள்ளைகளை அப்படித் திட்டியிருக்கிறேன். அதன் விளைவாக எத்தனை நோட்டுகளில் எனக்குப் பொய் எழுதிக் கொடுத்தார்களோ, இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது. ஒரு பதின்வயதுப் பிள்ளையின் சர்க்கரை அளவை யார் யார், எவையெவை கூடி முடிவு செய்கின்றன என்று இன்று உங்களிடம் சொல்ல வேண்டும். அதில் அந்தப் பிள்ளையின் கைக்குள் இருப்பது எவ்வளவு குறைவு என்பது தெரிந்தால், அதட்டுவதற்கு நமக்கு வாய் வராது.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையின் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் மூன்றரை லிட்டர். அதில் கரைந்திருக்கும் சர்க்கரை, வெறும் வயிற்றில், நூறு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் மூன்றரை கிராம். ஒரு டீஸ்பூன் முழுசாக நிறையாது. பெட்டிக்கடையில் வாங்கும் கால் லிட்டர் கோலாவில் இருபத்தைந்து கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கிறது. உடம்பு முழுக்க ஓடும் சர்க்கரையைப்போல ஏழு மடங்கு, ஐந்து நிமிடத்தில் உள்ளே போகிறது. அப்படிப் போயும் ஆரோக்கியமான பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் 140ஐத் தாண்டுவதில்லை. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, தசையும் கல்லீரலும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்கின்றன. சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் சேமித்ததை எடுத்துக் கொடுக்கிறது. ராப்பகலாக நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்கே தட்டினாலும் எண் மாறும்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126ம் அதற்கு மேலும் இருமுறை வந்தால் நோய். 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பத்து முதல் பத்தொன்பது வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அந்த முந்தைய நிலையில் இருப்பது தெரியவந்தது. நாற்பது பேர் இருக்கும் ஒரு வகுப்புக்கு நான்கு பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதின்வயதில் சர்க்கரையை ஏற்றும் முதல் காரணம் தின்பண்டம் அல்ல, அந்த வயதேதான். பையனுக்கு மீசை அரும்பும்போதும் பெண் வயசுக்கு வரும்போதும் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் பெருகுகிறது. அது இன்சுலினுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஹார்மோன். பருவ வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் இன்சுலின் வேலை செய்யும் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது என்று 1980களிலேயே கண்டறிந்தார்கள். எந்த நோயும் இல்லாத பிள்ளைக்கும் இது நடக்கிறது. அவர்களுடைய கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. கணையம் சுரக்கவே முடியாத பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் போட்ட ஊசி அளவு ஒன்பதாம் வகுப்பில் போதாது. அதே இரண்டு இட்லி, அதே சாம்பார், அதே ஊசி. ஆனால் 130 காட்டிய கருவி 250 காட்டும். பிள்ளை திருட்டுத்தனமாக எதையோ தின்றதாக வீட்டில் சந்தேகம் வரும். திருடியது அவன் இல்லை. வளர்கிறான், அவ்வளவுதான். ஊசி அளவைக் கூட்டினால் சரியாகிவிடும்.

விடிகாலையில் இது இன்னும் கண்கூடு. வளர்ச்சி ஹார்மோன் தூக்கத்தில் அதிகம் சுரக்கிறது. விடியும் நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. இரவு படுக்கும்போது 120 இருந்த பிள்ளைக்கு, ராத்திரி பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல், காலையில் 210 இருக்கும். "நடுராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்தியா?" என்று அம்மா கேட்பார். அந்தச் சர்க்கரை ஃபிரிட்ஜிலிருந்து வரவில்லை, அவன் கல்லீரலிலிருந்தே வந்தது. பெண்பிள்ளைகளில் சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் சர்க்கரை ஏறும். வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல முடியாத இந்தக் காரணத்துக்கும் சேர்த்து அவர்கள் திட்டு வாங்குகிறார்கள்.

தேர்வு நாளும் அப்படித்தான். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கல்லீரலைத் தட்டிச் சர்க்கரையை வெளியே கொட்டவைக்கும். காய்ச்சல் வந்தாலும் ஏறும்.

இங்கே இரண்டு விதமான நோயைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முதல் வகையில், உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே கணையத்தின் இன்சுலின் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை. அம்மா ஊட்டியதாலும் வருவதில்லை. இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கும், உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. முன்பெல்லாம் ஐம்பது வயதுக்காரர்களிடம் பார்த்த இந்த இரண்டாம் வகை இப்போது பதினான்கு, பதினைந்து வயதில் வருகிறது. வந்தால் பெரியவர்களைவிட வேகமாகக் கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. அதற்கு முன்னால் உடம்பு ஓர் அடையாளம் காட்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணிபோல ஆகும். அதை அழுக்கு என்று நினைத்து, கடலைமாவும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்து, தோல் உரிந்துபோன கழுத்துடன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அம்மா, அது குளிக்காததால் வந்தது இல்லை. இன்சுலின் ரத்தத்தில் மிதமிஞ்சி இருப்பதன் அறிகுறி அது. தேய்க்கும் நாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

"என் பிள்ளை குண்டே இல்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் புனேயில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். டாக்டர் யாஜ்னிக் 1990களில் புனேவை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். அங்கே சராசரி எடை மூன்றரை கிலோ. இங்கே 2.7 கிலோ. நம் குழந்தையிடம் தசை குறைவு, உள்ளுறுப்புகள் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சர்க்கரையை வாங்கி வைக்க வேண்டிய தசைப் பாத்திரமே பிறக்கும்போது சின்னதாக இருக்கிறது. எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகை எப்படி வருகிறது என்ற புதிருக்கு இது பாதி விடை.

மீதிப் பாதியும் கருவறையில்தான் இருக்கிறது. தாய்க்குக் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருந்தால், பிள்ளைக்குப் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு கூடுகிறது. சென்னையில் டாக்டர் வீ. சேஷய்யா இதைப் பல்லாண்டு வலியுறுத்தினார். கர்ப்பிணி வெறும் வயிற்றில் வந்தாரா, சாப்பிட்டு வந்தாரா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய முறை அவர் முயற்சியால்தான் பரவியது. 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 நாடு முழுக்கக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. இந்த அரங்கில் இருக்கும் அம்மாக்கள் பலர் அந்தக் குளுக்கோஸ் தண்ணீரைக் குமட்டிக்கொண்டு குடித்தவர்கள்தான். அது உங்களுக்காக மட்டும் செய்த பரிசோதனை இல்லை, இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகளுக்காகவும் செய்தது.

அடுத்து தூக்கம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பதினொரு ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதம் வயதானவர்களுடையதுபோல ஆகிவிட்டது. நன்றாகத் தூங்கவிட்டதும் சரியானது. நம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு இரவா விழிக்கிறார்கள்? காலை ஐந்தரைக்கு டியூஷன், எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு, மாலையில் மறுபடி டியூஷன், பதினொரு மணிக்கு மேல் வீட்டுப்பாடம், அதற்கும் மேல் போர்வைக்குள் செல்போன். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். செல்போனை மட்டும் பழிசொல்லிவிட்டு நாம் போட்ட கால அட்டவணையை மறைத்துவிடக் கூடாது. ஆசிரியர்களும் பெற்றோரும் உட்கார்ந்து போட்டது அது.

காலைச் சாப்பாட்டையும் அந்த அட்டவணைதான் தின்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது நான் மனம் நெகிழ்ந்து போனேன். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. பருவ மாற்றம் தொடங்கும் ஆறாம் வகுப்பில் பிள்ளை வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறது. பதினொரு மணி இடைவேளையில் பசி தாங்காமல் பப்ஸ், கிரீம் பன், பாக்கெட் சிப்ஸ். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த நேரத்துக்குள் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கலாம். அந்தத் திட்டத்தை மேல்வகுப்புகளுக்கும் நீட்ட வேண்டும் என்று நான் பேசும் மேடையிலெல்லாம் கேட்கிறேன். இங்கேயும் கேட்கிறேன்.

தட்டைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. சோறு விஷம் இல்லை. ஆனால் தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் என்பதைத் திருப்பிப்போட வேண்டும். காயும் சுண்டலும் முட்டையும் முதலில், சோறு பிறகு என்று சாப்பிட்டாலே ஏற்றத்தின் உச்சம் தணிகிறது. இது பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையலாக இருக்கக் கூடாது. அண்ணன் பரோட்டா சாப்பிடும்போது தம்பிக்குக் கேழ்வரகுக் கூழ் என்றால் அது தண்டனை. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். விளம்பரத்தை நம்பி ஏமாறாதீர்கள்.

ஓடி விளையாடும்போது தசை இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இவ்வளவு மலிவான மருந்து வேறு இல்லை. உலக சுகாதார நிறுவனம் தினம் ஒரு மணி நேரம் என்கிறது. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், அதையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். பெண்பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு மைதானத்திலிருந்து வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

இன்று நவம்பர் 14. நேரு பிறந்தநாள் என்பது எல்லாருக்கும் தெரியும். 1891இல் இதே நாளில் கனடாவில் பிரடெரிக் பான்டிங் பிறந்தார். அவர் நினைவாகத்தான் இன்று உலக நீரிழிவு நாள். 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தார்கள். அத்தகைய சாற்றை முதலில் பெற்றுக்கொண்ட நோயாளி யார் தெரியுமா? பதினான்கு வயதுப் பையன், லெனார்ட் தாம்சன். நம் ஒன்பதாம் வகுப்பு வயது. எடை முப்பது கிலோகூட இல்லை. அன்றைய ஒரே வைத்தியம் பட்டினி போடுவதுதான். சாப்பிடாமல் இருந்தால் சில மாதம் கூடுதலாக வாழலாம். 1922 ஜனவரி 11 அன்று முதல் ஊசி. மருந்து சுத்தமாக இல்லாததால் பெரிய பலனில்லை, ஊசி போட்ட இடம் புண்ணானது. ஜேம்ஸ் காலிப் இரவு பகலாக உழைத்துச் சாற்றைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். 520 இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120க்கு இறங்கியது. சாவின் வாசலில் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான். மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு கொடுத்துவிட்டார்கள்.

நூறு ஆண்டு தாண்டியும், லெனார்ட் படுத்திருந்த நிலையில் பிள்ளைகளை எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "இன்சுலின் வேண்டாம், இந்தச் சூரணம் போதும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியை நிறுத்தியவர்கள் சிலர். நோய் இருப்பதே தெரியாதவர்கள் சிலர். அடிக்கடி தாகம், ஓயாமல் சிறுநீர், பெரிய பிள்ளை திடீரெனப் படுக்கையை நனைப்பது, சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது. பிறகு வயிற்றுவலி, வாந்தி, மேல்மூச்சு வாங்குதல். இதை வயிற்றுக்கோளாறு என்றும் வீசிங் என்றும் நினைத்து இரண்டு நாள் கடத்தினால் உயிர் போகும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஐந்து விநாடி, விடை தெரிந்துவிடும். முதல் வகை நோய்க்கு இன்சுலினுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய மாத்திரையோ சூரணமோ உலகத்தில் எங்கும் இல்லை. இதை யார் எந்த மேடையில் மறுத்தாலும் நம்பாதீர்கள்.

ஆசிரியர்களிடம் சில வார்த்தை. இன்சுலின் போடும் பிள்ளை வகுப்பில் இருந்தால், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும் நேரங்கள் வரும். கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் எரிந்து விழும், தெரிந்த கணக்கே தப்பாகும். திமிர் என்று நினைத்து வெளியே நிறுத்திவிடாதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். தலைமையாசிரியர் அறைக்குத் தனியாக நடந்து போகச் சொல்லாதீர்கள். மாலையில் கபடி ஆடிய பிள்ளைக்கு நடு இரவில்கூட இறங்கும் என்பதைப் பெற்றோர் நினைவில் வையுங்கள்.

தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோக 2017லேயே சிபிஎஸ்இ அனுமதித்தது. வகுப்பறையில் சோதித்துக்கொள்ளவும் ஊசி போட்டுக்கொள்ளவும் விட வேண்டும் என்று 2023இல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எழுதியது. கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து ஊசி போடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆணை காகிதத்தில் இருந்து என்ன பயன்?

இன்னும் இரண்டு சின்னச் செய்தி. மாம்பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய சாறே கருவியில் 300 காட்டும். அந்த 300ஐ நம்பி ஊசியைக் கூட்டினால் ஆபத்து. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். இன்சுலினைக் கோடை வெயிலில் புத்தகப்பையில் வைத்தால் வீரியம் போகும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், நனைத்த மணலுக்குள் சிறு மண்சட்டியில் வைத்தாலும் சூடு தணியும். உறையவைக்கும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.

அந்தப் பையனின் அப்பாவை அன்று உள்ளே கூப்பிட்டு, இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனிடம், "என்ன இருந்தாலும் எழுதுப்பா, நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். ஊசி அளவைக் கூட்டினோம், நேரத்தையும் மாற்றினோம். போன மாதம் வந்திருந்தான். நோட்டில் மூன்று நிற மை, ஒரு பக்கத்தில் சாம்பார்க் கறை. நடுவில் 286 என்று ஓர் எண். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில்: "அத்தை வீட்டுக் கல்யாணம். ரெண்டு ஜாங்கிரி. ஊசி போட்டேன். மூணு மணி நேரம் கழிச்சு 164."

அந்தப் பக்கத்தை அப்பாதான் விரித்துக் காட்டினார்.